சுமை எண் இருபத்தொன்பது

மூன்றாவது தடவையும் எண்பதைத் தாண்டிவிட்டது.

தலையிலிருந்து அந்தத் தடித்த கருப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் தங்கபுஷ்பம் முதலில் பார்த்தது சுவரில் இருந்த திரையைத்தான். சிவப்பில் எண்பத்து மூன்று. அதன் கீழே ஒரு வரி: 'சுமை அதிகம். களப்பணிக்கு ஏற்றவரல்ல.' பின்னால் பெஞ்சுகளில் காத்திருந்தவர்களில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். எண்ணை விட அந்தப் பரிதாபம்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் என்னத்த பதறுனேன்?" என்று திரையைப் பார்த்தே கேட்டாள். "அந்த ஆளு கத்திய கீழ போட்டானா இல்லியா? பொம்பளையும் புள்ளையும் பத்திரமா வெளிய வந்தாங்களா இல்லியா?"

திரை அதற்குள் அடுத்தவரின் பெயரைக் காட்டியது.

தங்கபுஷ்பத்துக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, ஏட்டம்மாவாகி, இருபத்தோரு வருடங்களுக்குப் பிறகு எஸ்.ஐ. ஆனவள். அவள் வேலை பார்த்ததெல்லாம் தூத்துக்குடிப் பக்கத்து ஸ்டேஷன்களில். ஒருமுறை தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, தம்பியை வெட்டிய அரிவாளோடு நின்ற ஒருவனை, இரண்டரை மணி நேரம் கீழே நின்று பேசிப் பேசியே இறக்கியிருக்கிறாள். அவனுக்கு வயிற்றுப்புண் இருக்கிறது என்பதை அவன் நின்ற விதத்திலிருந்து கண்டுபிடித்து, மோர் வாங்கி வரச் சொன்னதில்தான் அவன் மனம் இளகியது. அன்றைக்கு அவள் மணிக்கட்டில் யாரும் பட்டை கட்டி அளக்கவில்லை.

இப்போது அளக்கிறார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் வேறொரு மாவட்டத்தில், கூட்டத்துக்கு நடுவே பதறிப்போன ஓர் இளம் காவலர் துப்பாக்கியை இயக்கிவிட்டார். பேருந்துக்குக் காத்திருந்த ஒரு கல்லூரி மாணவி செத்துப்போனாள். விசாரணை நடந்தது. சட்டம் ஒழுங்குப் பணிக்குப் போகிற ஒவ்வொருவரின் மனமும் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே அளந்துவிட வேண்டும் என்று முடிவானது. கொன்றைக்குளம் பயிற்சி மையம் அப்படித்தான் பிறந்தது. அந்த யோசனை தவறென்று தங்கபுஷ்பமும் நினைக்கவில்லை. அந்த மாணவியின் போட்டோவைப் பேப்பரில் பார்த்து அழுதவள்தான் அவளும்.

கண்ணாடியை மாட்டினால் ஒரு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடி வந்துவிடும். காரை பெயர்ந்த சுவர், தொலைக்காட்சியில் ஓடும் பாட்டு, கையில் கத்தியோடு ஒருவன். பயிற்சிக்கு வந்தவர்கள் அவனுக்குச் சம்முவம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அடுப்படி வாசலில் அவன் மனைவி. வீட்டுக்குள் எங்கோ நான்கு வயதுப் பெண் குழந்தை. நாம் பேசினால் சம்முவத்துக்குப் புரியும், பதிலும் சொல்வான். நான்கு நிமிடம் கொடுப்பார்கள். அதற்குள் மணிக்கட்டுப் பட்டை நாடியையும் வியர்வையையும் அளக்கும். கண்ணாடி கருவிழியை அளக்கும். எல்லாம் சேர்ந்து கடைசியில் ஓர் எண் வரும். அதற்குச் சுமை எண் என்று பெயர். அறுபதுக்கு மேல் போனால் ஸ்டேஷன் கிடையாது. மாவட்ட ஆவணப் பிரிவில் கோப்புக் கட்ட வேண்டியதுதான். ஆளுக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றையும் ஓட்டம் என்பார்கள்; நான்கில் குறைந்த எண்தான் கணக்கு. அவளுக்கு மிச்சமிருந்தது ஒன்று.

பதினொரு மணி இடைவேளையில் நஸ்ரினைக் கேண்டீனில் பிடித்தாள். நஸ்ரின் கருவியைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர், சென்னைக்காரி. இருபத்தெட்டு வயது இருக்கும். எப்போதும் கழுத்தில் ஒரு சாவிக்கொத்தும் கண்ணில் தூக்கமும் தொங்கும்.

"ஏம்மா, உண்மையச் சொல்லு. எனக்குப் பயந்த புத்தியா? அப்படித்தான் உன் மெஷின் சொல்லுதா?"

நஸ்ரின் டீயை வைத்துவிட்டுத் தன் கைக்கணினியைத் திறந்தாள். "இல்ல மேடம். இத நான் காட்டக் கூடாது. ஆனாலும் பாருங்க. நாங்க ரெண்டு விஷயம் அளக்குறோம். ஒண்ணு பதற்றம். அது நாடியிலயும் வியர்வையிலயும் தெரியும். உங்களுக்கு அது வெறும் இருபத்திரண்டு. உங்க பேட்ச்லயே கம்மி."

"பெறகு?"

"ரெண்டாவது மூளை உழைப்பு. ஒருத்தர் எவ்ளோ கவனிக்கிறார், எவ்ளோ யோசிக்கிறார்னு கருவிழி விரியிறதுல தெரிஞ்சிடும். அதுல நீங்க எங்கியோ போறீங்க. சம்முவத்தோட கையப் பாக்குறீங்க, அந்தம்மா கையில இருக்கிற தீக்காயத் தழும்பப் பாக்குறீங்க, குழந்தையத் தேடுறீங்க. போன தடவ கட்டிலுக்கடியில இருந்த குழந்தைய எல்லாரையும் விட முன்னாடி கண்டுபிடிச்சது நீங்கதான்."

"அப்போ கவனிக்கிறது குத்தமா?"

"குத்தமில்ல மேடம். ஆனா ரெண்டையும் கூட்டி ஒரே எண்ணாக் குடுங்கன்னு கேட்டாங்க. ரெண்டு எண் குடுத்தா ஃபைல் பாக்குறவங்களுக்குக் குழப்பமா இருக்காம். வேண்டாம்னு நான் எழுதிப் பாத்தேன். மூணு மெயில் போட்டேன்."

"அவன் கத்தியப் போட்டதுக்கு மார்க்கே கிடையாதா?"

"முடிவ மதிப்பிடுற பகுதி அடுத்த வருஷம்தான் வரும் மேடம்."

தங்கபுஷ்பம் வடையைப் பிய்த்து, தின்னாமலே தட்டில் வைத்தாள். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் மனம் ஆறியிருக்கும். எதிரில் இருந்தவளோ தன்னைப் போலவே எழுதிக் கேட்டுச் சலித்தவளாக இருந்தாள்.

மையத்தின் பொறுப்பு டி.எஸ்.பி. ஜெகவீரனிடம் இருந்தது. அவள் போய் விறைப்பாகச் சல்யூட் வைத்து விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

"ஏம்மா, அன்னைக்குச் சுட்ட பையன் என் கீழ வேலை பாத்தவன். தெரியுமா? நல்ல பையன். மூளை சூடாயிருச்சி, அவ்வளவுதான். பதறினதாலயா, ரொம்ப யோசிச்சதாலயா, எனக்கென்ன தெரியும்? சுமைன்னா சுமைதான். கொதிக்கிற தண்ணிய எந்த அடுப்புல வச்சாங்கன்னா கேக்க முடியும்?"

"ஐயா, ரெண்டும் ஒண்ணில்லன்னு அந்தப் பொண்ணே சொல்லுது."

"மேல ஒரே எண்தான் கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கடைசி வாய்ப்பு. கொஞ்சம் ரிலாக்ஸா செய்யுங்க."

ரிலாக்ஸாக. அந்தச் சொல்லை அவள் விடுதி வரைக்கும் பல்லுக்கிடையில் சிக்கிய நார் போல நெருடிக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை காலை அணிவகுப்பு முடிந்து தொப்பியைக் கழற்றியபோது இசக்கிமுத்து பக்கத்தில் வந்து நின்றான். இருபத்தாறு வயது, நேரடியாகத் தேர்வெழுதி எஸ்.ஐ. ஆனவன், நாங்குநேரிக்காரன். பேட்ச்சிலேயே குறைந்த எண் அவனுடையது. முப்பத்தொன்று.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியளே?"

"சொல்லு."

"நான் சம்முவம் மூஞ்சியப் பாக்கவே மாட்டேன். அவன் தலைக்கு மேல ஒரு காலண்டர் தொங்குதுல்லா, அதுல தேதியப் பாத்துக்கிட்டே இருப்பேன். 'கத்தியைக் கீழே போடு'ன்னு மூணு தடவ ஒரே குரல்ல சொல்லணும். மூணாவது தடவ அவனே போட்டுருவான். புரோகிராம் அப்பிடி. வேற எதையும் பாக்காதிய. பாத்தா ஏறிரும்."

"அந்தப் பொம்பள ஏதும் சொன்னா?"

"காதுல வாங்காதிய."

அன்று முழுவதும் தங்கபுஷ்பம் தன்னோடு சண்டை போட்டாள். ஏமாற்றுவது போலவும் இருந்தது; ஏமாறாமல் இருப்பது போலவும் இருந்தது. இருபத்தோரு வருடம் வெயிலில் நின்று சம்பாதித்த ஸ்டேஷனை ஒரு கண்ணாடிக்காக விட்டுக்கொடுப்பதா? பொம்மைதானே எல்லாம். பொம்மைக்கு எதற்கு இவ்வளவு?

வெள்ளிக்கிழமை கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலண்டரைப் பார்த்தாள். ஒரு முருகன் படம், அதன் கீழே பதினேழாம் தேதி. பதினேழையே பார்த்தாள். சம்முவம் ஏதோ கத்தினான். மனைவி ஏதோ சொல்லி அழுதாள். பாட்டு ஓடியது. "கத்தியைக் கீழே போடு" என்றாள், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. மறுபடியும் சொன்னாள். மூன்றாம் முறை தரையில் உலோகம் விழுகிற சத்தம் கேட்டது. பிறகும் பதினேழைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நேரம் முடிகிற வரை.

கண்ணாடியைக் கழற்றியதும் அறையே கைதட்டியது. பச்சையில் இருபத்தொன்பது. மையம் தொடங்கியதிலிருந்து வந்தவற்றிலேயே குறைந்த எண். இசக்கிமுத்து விசிலே அடித்துவிட்டான். அவளும் சிரித்தாள். வாயெல்லாம் சிரிப்பாக இருந்தபோதே ஒரு சந்தேகம் வந்தது. கணினி முன்னால் உட்கார்ந்திருந்த நஸ்ரினிடம் போனாள். அவள் மட்டும் கைதட்டவில்லை.

"நஸ்ரின், இன்னைக்கு அந்தப் புள்ள எங்க இருந்துச்சி? எனக்கு ஞாபகமே இல்லியே."

நஸ்ரின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் இடமும் ஆபத்தும் மாறும் மேடம். இன்னைக்குப் பால்கனியில."

"பால்கனியில என்ன செஞ்சிச்சி?"

"கம்பியில ஏறும். ரெண்டு நிமிஷத்துக்குள்ள யாரும் கூப்பிடலன்னா..."

"கூப்பிடலன்னா?"

"விழுந்துடும் மேடம். அதுக்கு மார்க் இல்ல. அதனால திரையில வராது."

தங்கபுஷ்பம் பதிவைப் போடச் சொன்னாள். நஸ்ரின் தயங்கிப் போட்டாள். காலண்டரின் இடது பக்கம், இரண்டடி தள்ளித்தான் பால்கனிக் கதவு. ஒரு சின்னப் பாவாடை கம்பிமேல் தெரிந்தது. பின்னணியில் அவள் குரலே நிதானமாக, அழகாக, "கத்தியைக் கீழே போடு" என்றது. அந்தத் தாய் அழுதுகொண்டே சொன்னது இப்போது தெளிவாகக் கேட்டது. "புள்ளையப் பாருங்கம்மா, புள்ளையப் பாருங்க."

பொம்மைதான். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

மத்தியானம் டி.எஸ்.பி.யின் அறையில் அவள் கேட்டதை அவரால் முதலில் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

"பாஸானத ரத்து பண்ணச் சொல்றீங்களா?"

"ஆமா ஐயா. அது பொய்யான ஓட்டம். நான் எதையும் பாக்கல. அதனாலதான் எண் குறைஞ்சிருக்கு. என்னை மறுபடி விடுங்க, நான் எப்பவும் செய்யுற மாதிரி செய்யுதேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. உங்களுக்கே தெரியும்."

அவள் விடுவதாக இல்லை என்று கண்டதும் அவர் அலுத்துப்போய் ஒத்துக்கொண்டார். நஸ்ரின் பட்டையைக் கட்டினாள். ஜெகவீரனும் வந்து நின்றார். தங்கபுஷ்பம் இந்த முறை எல்லாவற்றையும் பார்த்தாள். குளியலறையில் நீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த குழந்தையை நாற்பது வினாடியில் கண்டாள். மனைவியை அந்தப் பக்கம் நகர்த்தினாள். சம்முவத்தின் சட்டைப்பையில் மருத்துவமனைச் சீட்டு துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, "யாருக்குய்யா மேலுக்குச் சொகமில்ல?" என்று கேட்டாள். அவன் கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதான். மூன்று நிமிடம் ஐம்பது.

திரையில் எண்பத்தாறு வந்தது. வந்த வேகத்தில் அழிந்தது. அதனிடத்தில் ஒரு வரி: 'அளவீடு நிராகரிக்கப்பட்டது. பட்டை தளர்ந்திருக்கலாம். முந்தைய எண் தொடர்கிறது: 29.'

"பட்டை தளரல சார்," என்றாள் நஸ்ரின். "நானே இறுக்கிக் கட்டினேன்."

தங்கபுஷ்பம் கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்த தடம் இருந்தது.

ஜெகவீரன் தடத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபத்தொன்பது எடுத்த ஆளுக்கு எண்பத்தாறு எப்படிம்மா வரும்? மெஷின் சொல்றது நியாயமாத்தானே இருக்கு?" குரலில் கிண்டல் இல்லை. அவர் மெய்யாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் அவளை நொறுக்கியது. "திங்கக்கிழமை ஸ்டேஷன்ல சேருங்க. நல்ல எஸ்.ஐ. நீங்க. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அவர் போன பிறகு நஸ்ரின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மேடம், இன்னொண்ணு. நான் சொல்லலன்னா எனக்குத் தூக்கம் வராது. மாநிலத்துலயே குறைஞ்ச எண் எதுவோ, அந்த ஓட்டத்தயே எல்லாருக்கும் மாதிரியா எடுத்துக்கிறாங்க. அடுத்த பேட்ச்லேர்ந்து கண்ணாடிக்குள்ள ஒரு பச்சைப் புள்ளி ஓடும். எங்க பாக்கணும்னு அது காட்டும். அது உங்க கண்ணு போன பாதை மேடம். இன்னைக்குக் காலைல போன பாதை."

"எல்லாரும் காலண்டரப் பாப்பாங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"அத அழிச்சிரு."

"என்னால முடியாது. ஆனா ஓட்டம் உங்களோடது. என் பதிவைப் பயன்படுத்தக் கூடாதுன்னு நீங்க எழுத்துல குடுத்தா நீக்கித்தான் ஆகணும். விதி இருக்கு. ஆனா பதிவு போனா எண்ணும் போயிடும் மேடம். நாலு வாய்ப்பும் முடிஞ்சிடுச்சு. ஆவணப் பிரிவுதான்."

தங்கபுஷ்பம் ஒரு தாள் கேட்டாள். எழுத அரைமணி நேரம் ஆனது. கையெழுத்துப் போட்டபோது அவளுக்குப் பெருமையாக ஒன்றும் இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. தன் மேலும், கண்ணாடி மேலும், நல்லவராகவே இருந்து தொலைக்கிற டி.எஸ்.பி. மேலும்.

ஆவணப் பிரிவு மாவட்ட அலுவலகத்தின் பின்கட்டில் இருந்தது. பழைய கோப்புகளைப் பிரித்து, பக்கம் எண்ணி, கணினியில் ஏற்றுகிற வேலை. தூசியில் அவளுக்குத் தும்மல் நிற்கவில்லை. ஸ்டேஷனில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் வழியில் பார்த்தால், "என்னம்மா, மெஷின்ல ஃபெயிலாமே" என்று விசாரித்தார்கள். விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுவாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புதிய பயிற்சி எல்லா மையங்களிலும் தொடங்குகிறதாம். மாதிரி ஓட்டத்தின் விவரமும் இருந்தது. சுமை எண் முப்பத்தொன்று, இசக்கிமுத்துவினுடையது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். தன்னுடையதை எடுத்ததும் அடுத்ததை வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. ஸ்டேஷன் போனது, மரியாதை போனது. காலண்டர் மட்டும் அதே ஆணியில் தொங்குகிறது. தாளைக் கசக்கினாள். பிறகு, அதுவும் கோப்பில் சேர வேண்டிய தாள் என்பதால், நீவி விரித்துத் துளை போட்டுக் கட்டினாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபோது கைப்பேசி அடித்தது. இசக்கிமுத்து.

"அக்கா, ஸ்டேஷன் வாசல்ல நின்னு பேசுதேன். சர்க்குலர் பாத்தியளா?"

"பாத்தேன். சந்தோசமா?"

அந்தக் குத்தலை அவன் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் விட்டுவிட்டான். "போன வாரம் ஒரு வீட்டுத் தகராறுக்குப் போனேன்க்கா. புருசன் பொண்டாட்டி சண்டை. பத்து நிமிசத்துல முடிச்சிட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சி அந்தம்மா ஸ்டேஷனுக்கு வந்து, 'என் மவன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா சார், அவன் பயந்துபோய் ரெண்டு நாளா சாப்பிடல'ன்னு அழுதாவ. எந்த மவன்னு நான் கேட்டேன். நெஞ்சுல மாட்டியிருந்த கேமராவப் போட்டுப் பாத்தா, பதினாலு வயசுப் பையன், எனக்கு நேர் முன்னால, பீரோவுல சாஞ்சி நிக்கான். கையில பிளேடு வச்சிருக்கான்க்கா. நான் பாக்கவே இல்ல."

தங்கபுஷ்பம் பாத்திரத்தை மூடினாள். "பையன் இப்ப எப்பிடி இருக்கான்?"

"நல்லாருக்கான். நேத்துப் போய் அவன்கூட உக்காந்துட்டு வந்தேன். நஸ்ரின் மேடத்துக்கு போன் போட்டு என் பழைய ஓட்டத்தையெல்லாம் கேட்டேன். நாலு ஓட்டம். நாலுலயும் அந்தப் புள்ள செத்துருக்கு. ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல. இனி நாப்பது மையத்துல எங் கண்ணு வழியாத்தான் பாக்கப்போறாவ."

மறுமுனையில் ஒரு பேருந்து போகும் சத்தம் கேட்டது.

"அக்கா, நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தியளே, அத எப்பிடி எழுதுனிய?"

"ஸ்டேஷன் போயிரும்ல."

"தெரியும்."

"எனக்காச்சும் இருபத்தோரு வருசம் பாத்தாச்சி. உனக்கு மூணு மாசம்கூட ஆகல. நீ எடுத்தா, உனக்கு அடுத்தவன் எண்ண எடுத்து வைப்பாங்க. பிரயோசனம் இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

"அடுத்தவன் யாருன்னு நஸ்ரின் மேடத்துக்கிட்ட கேட்டு வச்சிருக்கேன். முப்பத்து மூணு. நம்ம பேட்ச்சுதான், பேச்சியப்பன். அவனும் எழுதிக் குடுக்கணும்னு ராத்திரியெல்லாம் அவங்கிட்டதான் பேசிக்கிட்டு இருந்தேன்."

தங்கபுஷ்பம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பேனா இருக்கா?"

"இருக்குக்கா."

"மொத வரியில பேரு, நம்பர். ரெண்டாவது வரியில, அந்தப் புள்ள எங்க நின்னுச்சின்னு எழுது."

"நாலு தடவையும் வேற வேற எடம்க்கா."

"நாலு எடத்தையும் எழுது," என்றாள்.